செவலைக் குட்டியின் குடல்

செவலைக் குட்டி செத்துக் கிடந்த அன்று காலை லாயத்தில் எல்லார் கண்ணும் சொரிமுத்துவின் மேல்தான் இருந்தது.

சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில் சேஷன் ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்திவந்தார். சொரிமுத்து அங்கே குதிரைக்காரன். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். வெள்ளிக்கிழமைகளில் இசக்கியம்மன் படத்துக்கு வேலியோரத்து அரளியில் பூப் பறிப்பான். முந்தின நாள்தான் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு சேஷனிடம் லீவு கேட்டு, கிடையாது என்று திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

“அரளியைப் போட்டுட்டியேடா பாவி. அது உனக்கு என்னடா பண்ணித்து?” என்றார் சேஷன்.

“சாமி, நான் வளத்த பிள்ளைக்கு நானே விஷம் வைப்பனா?”

“அதைப் போலீஸ்ல சொல்லிக்கோ.”

போலீசுக்கு முன்னால் மிருக டாக்டர் ரத்னாபாய் ஜீப்பில் வந்து இறங்கினார். மார்த்தாண்டத்துக்காரர். முந்திரி மரத்தடியில் சாக்கு விரித்துக் குட்டியைக் கிடத்தச் சொன்னார். சொரிமுத்துவை அங்கேயே நிற்கச் சொன்னார் சேஷன்.

கத்தி வயிற்றில் இறங்கியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாயின் வயிற்றிலிருந்து அவன் மடியில் விழுந்த குட்டி அது.

“இங்க வாங்க. சாரும் வந்து பாருங்க.”

டாக்டரம்மா குடலைப் பிளந்து கழுவி வைத்திருந்தார். உள்சுவரில் அங்கங்கே திட்டுத்திட்டாக வீங்கி, நடுவில் குழிந்து புண்ணாகியிருந்தது.

“இந்தத் திட்டு எல்லாக் குட்டிக்கும் உண்டு. வயித்துக்குள்ள போற கிருமியத் தடுக்குற இடம் இதாக்கும். சின்னக் குட்டிக்கு அந்தப் பலம் போராது. தடுக்க நின்ன இடத்துலயே கிருமி குடியேறியாச்சு. நுரையீரல்லயும் சீழ்க் கட்டி இருக்கு. இது நேத்து ராத்திரி வந்த சீக்கு இல்ல சார். ரொம்ப நாளா உள்ளயே இருந்து தின்னிருக்கு. அரளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

 சொரிமுத்து சாக்கருகே வந்து குனிந்து பார்த்தான்.

“எங்கேருந்தும்மா வந்துது?”

“மண்ணுலேருந்து. சாணம் விழுந்து காஞ்ச மண்ணுல இது இருக்கும். வெயில் காலத்துல புழுதியோட உள்ள போவும்.”

அவன் திரும்பிப் பார்த்தான். வேறொரு குதிரையின் குட்டியான சுட்டி, நெற்றி வெள்ளையோடு, அதே புழுதியை மோந்துகொண்டு நின்றது.

“அம்மா… சுட்டியும் இருமுது.”

ரத்னாபாய் அதன் விலாவில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ஊசி போட்டா சரியாயிடுமோல்லியோ?” என்றார் சேஷன்.

“போடுவோம் சார்.” அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சேஷன் சொரிமுத்துவிடம், “சரி, அதுக்குத் தண்ணி காட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொரிமுத்துவின் பெண்டாட்டி உலகம்மாள் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். “கொலைகாரன்னு சொன்ன வாய் அது. இன்னும் இங்க என்ன சோலி நமக்கு?”

“சுட்டி கொஞ்சம் தேறட்டும். போயிருவோம்.”

சுட்டி தேறவில்லை. ஊசிமேல் ஊசி போட்டும் இருமல் நிற்கவில்லை, கழிச்சலும் சேர்ந்துகொண்டது. விலா எலும்பு தெரிய, அவன் தொடையில் தலையைச் சாய்த்துக்கொண்டே நிற்கும். ஒரு மத்தியான வெயிலில் அப்படியே மடங்கி விழுந்தது. இந்த முறை டாக்டரம்மா கத்தியை எடுக்கவில்லை.

சுட்டியின் தாய்க்குதிரை வேலியோரம் நின்று கத்திக்கொண்டேயிருந்தது. மடி இறுகிப் பால் தானாகச் சொட்டியது. சொரிமுத்து குத்தவைத்து உட்கார்ந்து, மடியின் இறுக்கம் தளரும் அளவுக்குப் பாலை மண்ணில் பீய்ச்சினான்.

வராந்தாவிலிருந்து சேஷன் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. “போயிடாதேடா. உன்னை விட்டா அதுக்கு யாரு இருக்கா?”

“வேற ஆளப் பாருங்க சாமி. வலி தீருற அளவுக்கு மட்டும் கறக்கச் சொல்லுங்க. மடி தானா வத்திரும்.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் உலகம்மாள் பெட்டியோடு நின்றாள். பின்னால் குதிரை மறுபடியும் கத்தியது. அவன் நின்றான். பிறகு பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான்.