ஏழாம் கேள்விக்கு ஒத்திகை

மின்சைக்கிளைப் பற்றி ஊர் முழுக்க அனுப்பப்போகும் கேள்விகள் ஜனங்களுக்குப் புரிகின்றனவா என்று, அனுப்புவதற்கு முன்பே நாலு பேரை உட்காரவைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரில் யெல்மரும் ஒருவன். வயது பதினைந்து. இதற்கு அவன் பெயரைப் பதிந்துவிட்டது அம்மா.

"மழையில சும்மா சுத்துறதுக்கு, போய் உருப்படியா நாலு வார்த்தை பேசிட்டு வாடா" என்று அனுப்பிவிட்டாள். தடித்த சக்கரம் போட்ட அவன் மின்சைக்கிள் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

சட்டம் இருபத்தைந்தோடு சரி. ஸ்வோலெ நகரப் பாலத்தடியில் போலீஸ்காரர்கள் உருளைப் பொறியோடு நிற்பார்கள். வண்டியை அதில் ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஓடினால் வண்டியைப் பறித்துக்கொள்வார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின் பழைய சைக்கிள்தான், பூப்போட்ட பையோடு, எதிர்காற்றில்.

அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கேள்வி கேட்கும் கெர்டீன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அவன் ஒன்று எடுத்ததும் மூடிவிட்டார்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுங்க இருப்பாங்க, கண்டுக்காத. நான் படிக்கிறப்போ மனசுல என்ன ஓடுதோ, அத்தனையும் வாய்விட்டுச் சொல்லணும். சோதிக்கிறது உன்னை இல்ல தம்பி, கேள்வியை. மின்சைக்கிளை அன்றாடம் பயன்படுத்துகிறீர்களா?"

"ஆமா."

"அந்த ஆமா எப்படி வந்துச்சு?"

"ஸ்கூலுக்குப் போறேன்ல."

"சனி, ஞாயிறு?"

"ஸ்கூல் இல்ல."

"அப்போ அன்றாடம் இல்லையே?"

"மேடம், இதுக்கு நான் ஸ்கூல் பரீட்சையே எழுதிருப்பேன்."

கெர்டீன் மகிழ்ந்துபோய் எதையோ குறித்துக்கொண்டார். இப்படியே ஆறு கேள்விகளைப் பிய்த்துப் போட்ட பிறகு ஏழாவது வந்தது.

"வேகத்தைக் கூட்ட உங்கள் வண்டியில் ஏதேனும் மாற்றம் செய்திருக்கிறீர்களா?"

யெல்மர் கண்ணாடியைப் பார்த்தான். அதற்குப் பின்னால் போலீஸ் தொப்பியும் கைவிலங்குமாக யாரோ நிற்பதாகவே பட்டது.

"பேசு தம்பி. என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடல."

"முகம் வெளுத்துப்போச்சே. அதையும் சொல்லலாம்."

அடக்க முடியவில்லை. "பயம் ஓடுது மேடம். ஒரு பையன் செஞ்சு குடுத்தான். நாப்பத்தஞ்சு போகுது. ஆனா பிரேக் பழைய பிரேக்தான். போன வாரம் ஈரத்துல பிடிச்சேன், நிக்கல. ஒரு அம்மா பிள்ளையை வாரித் தூக்கிட்டு ஓடினாங்க. அவங்க போட்ட கத்தல் இன்னும் காதுல இருக்கு."

கெர்டீனின் பேனா நின்றது. "மாற்றம்னு கேட்டதும் உடனே புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அருமை. அந்த 'ஏதேனும்' உறுத்துச்சா?"

"மேடம், அந்தப் பிள்ளை..."

"விபத்து பன்னெண்டாம் கேள்வி. மோதினியா?"

"மோதல."

"அப்போ உனக்குப் பன்னெண்டு கிடையாது." அடுத்ததைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து அவன் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர். கேள்விகளை எழுதச் சொன்ன அலுவலகத்து ரூலோஃப். நெட்டையான மனிதர், மழைக்கோட்டு. 'போச்சு, வண்டி போச்சு' என்று யெல்மர் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

ரூலோஃப் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்தப் பையன்... என் வண்டிக்கும் செய்வானா? தினம் எதிர்காத்துல உயிர் போகுதுப்பா. எண்பது வயசு அம்மாக்கள் எல்லாம் கையாட்டிட்டு முந்திப் போறாங்க. எத்தனை நாள்தான் பொறுக்கிறது? உன் விஷயம் எங்கிட்டயே இருக்கும்."

பேரைச் சொன்னால் போதும். இந்த ஜென்மத்தில் இவர் வாய் திறக்க மாட்டார். யெல்மர் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அவர் கைகாட்டிய வண்டி கண்ணில் பட்டது. பின்னால் குழந்தை இருக்கை. அதில் வாத்துப் படம் போட்ட சின்னத் தலைக்கவசம் தொங்கியது. பிரேக் அவனுடையதைப் போலவே.

"அதெல்லாம் பொய் சார். சும்மா அளந்துவிட்டேன்."

"என்னது?"

"கேள்வியைக் கேட்டதும் கெத்தா எதாவது சொல்லணும்னு தோணுச்சு. இது இருபத்தஞ்சுக்கு மேல, தள்ளிவிட்டாலும் போகாது."

ரூலோஃபின் முகம் தொங்கிப்போனது. அடுத்த கணமே அதிகாரி முகம் திரும்பி வந்தது. கதவைத் திறந்து உள்ளே கத்தினார்: "கெர்டீன்! ஏழாவதைத் தூக்கிடு. பசங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க!"

பிறகு உள்ளே போகாமல், கைகளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று வண்டியைப் பார்த்தார். யெல்மர் ஏறி, வேகத்தைக் கூட்டும் விசையைத் தொடாமல் மெதுவாக மிதித்தான். தெரு திரும்பியது, அவர் மறைந்தார். பாலத்தடியில் போலீசும் இல்லை. எதிரே பள்ளிவிட்ட பொடிசுகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் விசைமேல் போய், நின்று, திரும்பி வந்தது.

காற்று முகத்தில் அறைந்தது. பின்னால் மணி கேட்டது. ஒரு வயதான அம்மா கையாட்டிவிட்டு முந்திப் போனார்.