மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு ‘சரி’

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பேக்கப் அக்கா. வீட்டிலும் வெளியூரிலும் இருந்து வேலை பார்க்கிற அறுபத்து மூன்று பேரின் லேப்டாப்களில் இருப்பதையெல்லாம் தினம் ஒரு நகல் எடுத்து, அலுவலகக் கணினியில் பத்திரமாக வைப்பது அவள் பொறுப்பு. மத்தியானம் ஒரு மணிக்கு எல்லார் திரையிலும் ஒரு சின்னக் கட்டம் வந்து, ‘நகல் எடுக்கலாமா?’ என்று கேட்கும். சார்ஜரைச் செருகி ‘சரி’யை அமுக்கினால் எடுத்துவிடும். ‘அப்புறம்’ என்றால் மறுநாள்தான் திரும்ப வரும். இந்தக் கடுகளவு வேலைக்கு அறுபத்து மூன்று பேரையும் தாஜா பண்ணுவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அதிலும் ஒரு இன்ஜினியர் இருந்தார். பழைய பாலங்களின் விரிசல்களை அளந்து அறிக்கை எழுதுகிறவர். ‘அப்புறம்’ தவிர வேறொன்றும் அமுக்கி அறியாதவர் என்பதால் ‘அப்புறம் சார்’ என்றே பெயர். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிட்டு அவரைத் திட்டுவாள். அவரும் தவறாமல், “அப்புறம் பண்றேன்க்கா” என்பார். வாங்கின திட்டையெல்லாம் அந்த மனிதர் எங்கே போட்டு வைத்தாரோ!

ஒரு வியாழக்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

“அக்கா, லேப்டாப் தண்ணியில விழுந்துருச்சு.”

“ஐயையோ! ஆத்துலயா?”

“வாளியில.”

வீட்டில் சத்தமில்லாத இடம் துணி துவைக்கிற மூலைதான். வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், போன் வந்ததென்று வாசலுக்குப் போயிருக்கிறார். மனைவி துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டுவிட்டாள். அவளுக்கு வயிறும் பெரிது, வேலையும் நிறைய; மேலே இருந்ததைக் கவனிக்கவில்லை. துணி பிழியும் ஆட்டத்தில் லேப்டாப் நகர்ந்து நகர்ந்து, பக்கத்தில் துணி ஊறிய வாளிக்குள் போய் இறங்கிவிட்டது.

“சோப்புத் தண்ணிக்கா.”

‘சுத்தமாகவாவது இருக்கும்’ என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நாப்பது பாலம்க்கா. மூணு மாசம் அளந்தது மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு அறிக்கை குடுக்கணும். இல்லேன்னா முதல்லேருந்து அளக்க அனுப்பிடுவாங்க. அவளுக்கு இந்த மாசம்தான் தேதி சொல்லியிருக்காங்க. பிள்ளை பொறக்கிறப்போ நான் ஏதோ பாலத்துக்கு அடியில தொங்கிட்டிருப்பேன்.”

‘அப்பவே சொன்னேனே’ என்பதை நூறு விதமாகச் சொல்ல அவளிடம் சரக்கு இருந்தது. ஆனால் பாவமாக இருந்தது.

சும்மாவாவது பார்ப்போம் என்று பட்டியலைத் திறந்தாள். நகல் எடுத்தவர்களுக்குப் பச்சைப் பொட்டு, எடுக்காதவர்களுக்குச் சிவப்பு. அவள் எப்போதும் சிவப்பை மட்டும்தான் படிப்பாள். சிவப்பில் அவர் இல்லை. பச்சையில் தேடினாள். நேற்று மத்தியானம் நகல் முழுசாக ஏறியிருந்தது. முந்தாநாளும் அப்படியே. இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல்! பச்சையாக இருந்த மனிதரை இரண்டு மாதம் பழக்கதோஷத்தில் திட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“சார், நேத்து வரைக்கும் எல்லாம் இருக்கு.”

“ஆறுதலுக்குச் சொல்லாதீங்கக்கா. நான் ஒரு நாள்கூட ‘சரி’ அமுக்கினதில்ல.”

“ஒரு மணிக்கு நீங்க என்னதான் பண்ணுவீங்க?”

“சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் கண்ணசருவேன். லேப்டாப் பாட்டுக்குத் திறந்து கிடக்கும். இப்பல்லாம் எழுந்து பார்த்தா அந்தக் கட்டமும் வந்திருக்கிறதில்ல.”

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில், அவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மகளுக்குத் துணையாக இருக்க இரண்டு மாதத்துக்கு முன் வந்த மாமனார்.

“கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க தூங்குறப்ப நான் அதுல சீட்டாடுவேன்.”

“ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே மாமா!”

“பாதி ஆட்டத்துல அணைஞ்சிடக் கூடாதுன்னு சார்ஜரைப் போட்டுக்குவேன். தினம் ஒரு கட்டம் வந்து, ‘எடுக்கலாமா’ன்னு மரியாதையா கேட்கும். அவ்வளவு மரியாதையா கேட்டா எப்படி மாப்பிள்ளை முடியாதுங்கிறது? சரின்னேன்.”

பேக்கப் அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனாலும் சட்டம் சட்டம்தான். குரலை இறுக்கிக்கொண்டாள்.

“சார், தூங்கப் போறதுக்கு முன்னாடி இனிமே லேப்டாப்பைப் பூட்டிட்டுப் போங்க. மாமா, சீட்டாட்டம் உங்க போன்ல. ஆனா உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. ஒரு மணிக்கு இவர் ‘சரி’ அமுக்குற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.”

“சார்ஜரோட நிக்கிறேம்மா” என்றார் மாமனார்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பாலங்களையும் வேறொரு லேப்டாப்பில் ஏற்றி ஆள் மூலம் அனுப்பினாள். மறுநாள் பத்து மணிக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. வாளியோடு போனது அன்று காலை எழுதிய ஒரு பத்திதான்.

அதற்குப் பிறகு அவர் பெயர் தினமும் பச்சை. இப்போதெல்லாம் அவள் பச்சையையும் படிக்கிறாள். மூன்றாவது வாரம், புதன்கிழமை, இரண்டு மணிக்குப் பார்த்தால் சிவப்பு. ‘ஆரம்பிச்சாச்சா!’ என்று திட்டுவதற்குப் போனை எடுத்தாள். அதற்குள் அதில் ஒரு செய்தி வந்து நின்றது. மாமனார்தான்.

“பேத்தி பொறந்துட்டாம்மா. மாப்பிள்ளை பக்கத்துலயேதான் இருந்தார். எல்லாரும் ஆஸ்பத்திரியில இருக்கோம். இன்னைக்கு மட்டும் அப்புறம்.”

அவள் ‘சரி’ என்று அனுப்பினாள்.