அடியில் தங்கிய மருந்து

முத்திருளன் கண்ணில் இருப்பது பூஞ்சைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருவிழிப் புண்ணை நானேதான் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நூல் நூலாகக் கிளைவிட்டுக் கிடந்தது. அவருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். கொடி படரும் அகத்தியை வளைத்தபோது குச்சி வலது கண்ணில் அடித்துவிட்டது. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்.

நான் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை ஒரு வாரம் வீட்டில் போட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகத் திரும்பி வந்தார்கள். புண் பெரிதாகியிருந்தது. எங்கள் பெரிய டாக்டர் ராதாகிருஷ்ணன் டார்ச்சை அணைத்தார்.

"ஹம்சவேணி, மருந்து கேக்கலம்மா. ஓட்டை விழுந்தா கண்ணே போயிரும். ஆபரேஷன் பண்ணிருவோம்."

"பூஞ்சையும் சரி, மருந்தும் சரி சார். நடுவுல என்னமோ இடிக்குது. கொஞ்சம் பொறுங்க."

முத்திருளன் மனைவியைக் கூப்பிட்டேன். "செல்லத்தாயி, வீட்டுல போடுற மாதிரியே இப்பப் போடுங்க, பாப்போம்."

செல்லத்தாய் பையிலிருந்து மருந்துக் குப்பியை அலுங்காமல் எடுத்தாள். மேலே தெளிந்து நின்றதை மட்டும் சொட்டானில் உறிஞ்சி, கண்ணில் விட்டாள். அடியில் வெள்ளை மாவாக மருந்து அப்படியே படிந்து கிடந்தது.

"குலுக்கலையா?"

"கலங்கிரும்ல டாக்டரம்மா? ஆத்துத் தண்ணியவே தெளிய வச்சுத்தான் குடிக்கிறோம். கலங்கலப் போயி கண்ணுல விடவா?"

"அந்தக் கலங்கல்தான் மருந்து. இம்புட்டு நாளும் நீங்க விட்டது வெறுந்தண்ணி."

முத்திருளன் படுத்தபடியே சொன்னார்: "எனக்குக் கொழம்பு ஊத்தும்போது மட்டும் இந்தப் பக்குவம் வராது."

"பேசாமக் கெடங்க. கண்ணு ஆடுது."

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள்தான். அதுக்கு மேல பொறுக்க முடியாது," என்றார்.

வார்டிலேயே படுக்க வைத்தோம். குலுக்கிக் குலுக்கி மணிக்கொரு தடவை விட்டாள் செல்லத்தாய். புண்மேல் வெள்ளையாக ஒட்டும், துடைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் பூ விழுந்துவிட்டது என்று அதையும் வழித்திருப்பாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது புண்ணின் ஓரம் மழுங்கியிருந்தது. ஆபரேஷன் பேச்சைப் பெரிய டாக்டரே விட்டுவிட்டார்.

ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஓரத்தில் மட்டும் ஒரு தழும்பு. கடைசியாக வந்தபோது இடது கண்ணைப் பொத்தி, பலகையில் இருந்த எழுத்தைக் கேட்டேன்.

"எழுத்து எனக்கு எந்தக் கண்ணுக்கும் தெரியாது டாக்டரம்மா."

"சரி, தெரியுறதச் சொல்லுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேலை முந்தியில காப்பி சிந்தியிருக்கு, இந்தக் கண்ணுக்கும் தெரியுது. காலையிலயே பாத்தேன், சொல்லக் கூச்சமா இருந்துச்சு."