சிவப்பு டேப்

பெருங்களத்தூர் சிக்னலில் வைதேகி மாமியின் உயிர் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. மாமி உயிர்விட்ட அதே காரை ஓட்டிக்கொண்டு அவள் கணவர் ஸ்ரீநிவாசராகவன் சார் முடிச்சூர் ரோட்டு ஷெட் வாசலுக்கு வந்தபோது, மெக்கானிக் குணா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். போன மனுஷிக்கு ஒரு மாலை போடக்கூட அவன் போகவில்லை. வேலை, வேலை! எப்போதுதான் இல்லை அந்தப் பாழாய்ப்போன வேலை?

"ஓடறச்சே ஒண்ணும் இல்லைப்பா. நின்னா அணைஞ்சுடறது," என்றார் சார். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். அன்றும் அப்படித்தானாம். மாமிக்கு மார்வலி. முன் சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சிக்னலில் இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் இறங்கி வந்து தள்ளுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நிஜத்தைச் சொல்லு, குணா. ஆயுத பூஜை அன்னிக்கு பானெட்டைத் திறந்து இன்ஜினையே குளிப்பாட்டினேன். வேண்டாம் வேண்டாம்னு அவ தலைப்பாடா அடிச்சுண்டா. சந்தனப் பொட்டு வைக்கற இடம் சுத்தமா இருக்கணும்னு நான்தான்... அந்தத் தண்ணிதானே காரணம்?"

"பாத்துட்டு சொல்றேன் சார்."

குணா பானெட்டைத் தூக்கினான். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை விட்டதும் அது குலுங்கி, இருமி, நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து காதைக் கிட்டே கொண்டுபோனான். எங்கோ உஸ்ஸென்று காற்றை இழுத்தது. ரப்பர் டியூப்களைத் தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. கரண்டு ஒயருக்குச் சுற்றும் சிவப்பு டேப். சூட்டில் பசை இளகிப் பாதி கழன்றிருந்தது. அடியில் டியூப் வெடித்து வாயைப் பிளந்திருந்தது. அந்த வழியாகக் காற்று புகுந்துதான் வண்டி நின்றதும் இன்ஜின் அணைந்தது.

அந்த டேப்பைச் சுற்றியவன் குணாதான்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, இதே கோளாறென்று சார் கொண்டுவந்தபோது, ஷெட்டில் முப்பது வண்டி நின்றது. புது டியூப் வாங்கத் தாம்பரம் போய்வர வேண்டும். பண்டிகை முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு, "சூப்பரா கீது சார், எடுத்துகினு போங்க," என்றான். டேப்பைப் பற்றி மூச்சே விடவில்லை. பிறகு மறந்தும் போனான். அடப்பாவி!

சார் பார்ப்பதற்குள் டேப்பை உரித்துப் பாக்கெட்டில் திணித்தான். தாம்பரம் போய்ப் புது டியூப் வாங்கிவந்து மாட்டினான். மாட்டுவது பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம்!

"தண்ணி இல்ல சார். டியூப்பு வெடிச்சிருந்திச்சு. பழைய வண்டி."

"நான் கழுவினதுலதான் வெடிச்சிருக்கும்," என்றார் சார். அதை யாராலும் அவர் மனசிலிருந்து பிடுங்க முடியாது போலிருந்தது. "அந்த சிக்னல் வரைக்கும் கூட வரியா? தனியா போக பயமா இருக்கு."

குணா பின் சீட்டில் ஏறினான். முன் சீட்டை அவர் இன்னும் நிமிர்த்தவே இல்லை. மாமி படுத்திருந்த மாதிரியே சாய்ந்து கிடந்தது.

பெருங்களத்தூரில் சிக்னல் விழுந்தது. கார் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. ஒரு குலுக்கல்கூட இல்லை. சார் அந்தச் சாய்ந்த சீட்டின்மேல் கையை வைத்தார்.

"பாரு வைதேகி, ஓடறதுடி. உன்னை நானே கொன்னுட்டேனே," என்று விசித்து விசித்து அழுதார்.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று குணா நினைத்தான். டேப்பை எடுத்து நீட்டினான்.

"நீங்க இல்ல சார், நான்தான். பூஜைக்கு முன்னாடியே வெடிப்பு இருந்திச்சு. டியூப்ப மாத்தாம இத்த சுத்தி வுட்டேன். உங்ககிட்ட சொல்லல. என்னை செருப்பால அடிங்க சார்."

சார் அடிக்கவில்லை. பிசுபிசுத்த அந்தத் துண்டை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் காரை எடுத்தே இருக்கமாட்டேனே, குணா," என்றார். "அன்னிக்கு ஆத்து வாசல்லயே ஆட்டோ நின்னுண்டிருந்ததுப்பா."

அப்புறம், "இறங்கிக்கோ," என்றார். குரலில் கோபமே இல்லை.

குணா இறங்கினான். கார் எங்கும் நிற்காமல் ஓடிப்போயிற்று.