சின்ன மாஸ்டரின் ஏழு பேப்பர்

ராவுண்ணி நாயருக்குத் தன் ஊரைத் தவிர உலகத்தில் வேறு ஊரே கிடையாது. எங்கள் ரயில் ஸ்டேஷனுக்குச் சின்ன மாஸ்டராக வந்த முதல் நாள், நான் கொண்டுபோய் வைத்த குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது தண்ணியா? எங்க கொச்சியில மாடுகூட இதைக் குடிக்காது" என்றார். மாடு வந்து குடிக்கப் போவதில்லை, நீங்கள்தான் குடிக்கப் போகிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பொம்மிடிக்குப் பக்கத்தில், மெயில் வண்டி நிற்காத ஒரு சின்ன ஸ்டேஷன் எங்களுடையது. பேரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. என் வீட்டுக்காரர் மாயவன் அங்கே பாயிண்ட்ஸ்மேன். மாஸ்டர் சொன்னால் இவர் லீவரை இழுப்பார், சிக்னல் கை இறங்கும், வண்டி போகும். நான் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவள், பெருக்குகிறவள். நாயர் தனி ஆளாக வந்தபடியால் அவர் குவார்ட்டர்ஸைக் கூட்டுவதும் என் தலையில் விழுந்தது.

கூட்டும்போதெல்லாம் கொச்சிப் புராணம் கேட்க வேண்டும். வீட்டுக்குப் பின்னாலேயே ஆறாம். கை நீட்டினால் பலாப்பழமாம். ஆறு மாசம் விடாமல் மழையாம். இங்கே ஐப்பசியில் நாலு தூறல் விழுந்து ஊரே சந்தோஷப்பட்டபோது, "வானம் எச்சில் துப்புது" என்றார். நான் களி தின்றால் எட்டிப் பார்த்து, சுவரில் பூசவா என்று கேட்பார். அவர் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால் போதும், நாற்பது வயசு ஆம்பிளை கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார். அந்தத் துண்டைத் துவைக்கிறவளும் நான்தான்.

கொச்சியிலிருந்து வரும் மெயில், பொழுது கிளம்பியபின் எங்கள் ஸ்டேஷனை ஒரே ஓட்டமாகக் கடந்து போகும். முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாசத்தில் ஒரு நாள் சிக்னல் கம்பி நிஜமாகவே சிக்கிக்கொண்டது. மெயில் பிளாட்பாரத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டது. ஜன்னலில் யாரோ மலையாளத்தில் பேச, நாயர் வேட்டி தடுக்க ஓடினார். எந்த ஊர், எந்த ஊர் என்று பெட்டி பெட்டியாகக் கேட்டார். ஒரு புண்ணியவான் நேந்திரங்காய் வறுவல் ஒரு கை கொடுத்தான். "நேத்து பேப்பர் இருக்கா?" என்று கேட்டு அதையும் வாங்கிக்கொண்டார். கோயில் வாசலில் கை நீட்டுகிறவர்களுக்குக்கூட அதைவிடக் கொஞ்சம் கௌரவம் இருக்கும்.

அதற்குப் பிறகு கம்பி அடிக்கடி சிக்க ஆரம்பித்தது. "மாயவா, நான் சொல்றப்ப கையை இறக்கு, அதுவரைக்கும் தொடாதே" என்பார். என் வீட்டுக்காரர் தலையாட்டுவார். பெரியவர் சொன்னால் அவருக்கு வேதம். அப்படி மொத்தம் ஏழு தடவை அந்தப் பெரிய வண்டி, இந்த மனுஷன் வறுவல் வாங்கித் தின்பதற்காகப் புகை விட்டுக்கொண்டு நின்றது. வாங்கின ஏழு பேப்பரையும் வரிசை மாறாமல் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தார். என் விளக்குமாறு பட்டால் சீறுவார்.

மூன்றாவது பேப்பர் வந்த வாரம், மலைமேல் இருக்கும் என் பிறந்த ஊரான சித்தேரியிலிருந்து ஆள் வந்தான். என் ஆத்தா செத்துப் போய்விட்டாள். நான் நாயர் முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டு நாளு வுடுங்க சாமி. மண்ணு போட்டுட்டு வந்துர்றேன்."

"அந்த மலையில என்ன இருக்கு? கல்லும் குரங்கும். நீ போயிட்டா எனக்கு யார் தண்ணி எடுப்பா? போறதுன்னா அப்படியே போயிடு, திரும்பி வராதே."

நான் போகவில்லை. இரண்டு பேர் கூலியும் இருந்தால்தான் எங்களுக்கு அடுப்பெரியும். அன்றைக்கு அவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்தேன், கிணற்றடியிலேயே அழுதேன்.

ஆடியில் மேலே இருந்து கடிதம் வந்தது. ஏழு தடவை மெயில் ஏன் நின்றது, விசாரணை. நாயர் பதில் எழுதிவிட்டார்: பாயிண்ட்ஸ்மேன் கப்பிக்கு எண்ணெய் போடுவதில்லை, கம்பி சிக்குகிறது, பொறுப்பில்லாத ஆள். மாயவனுக்கு வேலையும் போகும், தலைக்கு மேல் இருக்கும் கூரையும் போகும். அவரோ, "எழுதிட்டாங்க, என்ன பண்றது" என்று உட்கார்ந்துவிட்டார். கட்டினவர் என்றும் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன். பிறகு நாயரிடம் போனேன்.

"நெசத்தச் சொல்லிருங்க சாமி. எங்க வூட்டுக்காரரு மேல என்ன தப்பு?"

"நிஜத்தைச் சொன்னா எனக்கு வேலை போயிடும் தீர்த்தம்மா. எங்க அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. நீங்க காட்டு ஜனங்க, எங்கே போனாலும் பிழைச்சுக்குவீங்க." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்காக இல்லை.

விசாரணை அன்றைக்கு அதிகாரி டிராலியில் வந்து இறங்கினார். நான் குப்பைக் கூடையோடு உள்ளே போய், நாயர் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்த ஏழு பேப்பரையும் அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். நாயர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்னம்மா இது?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. மேல இருக்கற தேதிய மட்டும் பாருங்க. மெயிலு நின்ன ஒவ்வொரு நாளுக்கும் முந்தின நாள் பேப்பரு. கொச்சிப் பேப்பரு இங்க எந்தக் கடையில விக்கிதுங்க? சிக்னல் கைய எறக்க வுடாம ரயில நிறுத்தி, நேத்து பேப்பரு இருக்கான்னு சின்ன மாஸ்டரு கேட்டு வாங்கினதுங்க."

அதிகாரி ரிஜிஸ்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழும் பொருந்தின. கடைசிப் பேப்பரில் வறுவல் எண்ணெய்க் கறைகூட இருந்தது. அவர் நாயரை நிமிர்ந்து பார்த்தார். அதைவிட வேறு கேள்வி தேவைப்படவில்லை.

மாயவன் வேலை தப்பியது. நாயருக்குச் சம்பளத்தைக் குறைத்துத் தனுஷ்கோடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கொச்சிக்கு இன்னும் தூரம், அங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று புலம்பினார். எனக்குப் பாவமாக இல்லை. இருந்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

அவர் கிளம்புகிற நாள் பாசஞ்சர் வண்டியில் பெட்டியை ஏற்றினது நான்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, மூக்கு சிவக்க என்னைப் பார்த்தார்.

"ஊரையும் பெத்தவளையும் விட்டுட்டு வந்து கிடக்கிறது என்னன்னு உனக்கு என்ன தெரியும் தீர்த்தம்மா?"

நான் கிழக்கே கை காட்டினேன். நீலமாகச் சித்தேரி மலை தெரிந்தது.

"அதாங்க சாமி எங்கூரு. பன்னெண்டு வருசமா அதப் பாத்துக்கிட்டேதான் தண்ணி சேந்தறேன். எங்காத்தா அங்கதான் மண்ணுக்குள்ள கெடக்கறா. ஒரு நாளும் நான் ரயில நிறுத்தல."

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் மாயவன் லீவரை இழுத்தார். சிக்னல் கை ஒரே இழுப்பில் இறங்கியது.