பின்சக்கரத்துக் கிரீஸ்

பஞ்சர் கடை ஆமை, ரொட்டிக்காரனுக்குத் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். கடையில் காற்றடிக்கும் இயந்திரம் புகைந்துபோனபோது வாங்கிய கைமாற்று அது. எட்டாயிரத்தில் தொடங்கி, ஐம்பதும் நூறுமாகக் கரைந்து, இந்த இடத்தில் வந்து கல்லாட்டம் உட்கார்ந்துவிட்டது. ஆமை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வேறு கடையில் அரைமணியில் முடியும் பஞ்சருக்கு இவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அன்று காலை ரொட்டிக்காரன் அந்தக் கடை வாசலில் நின்று கத்திவிட்டு வந்திருந்தான்.

"வாங்கும்போது மட்டும் கை நீளுது. கொடுக்கும்போது எங்கே போகுது?"

பஞ்சருக்கு வந்தவர்களும் பக்கத்துக் கடைத் தையல்காரருமாக நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆமை டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே, "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. இவனுக்கு அதுவே இன்னும் எரிச்சல்.

கத்தாமல் என்ன செய்வான், வண்டி படுத்துவிட்டது. விடியுமுன் பேக்கரியில் இரண்டு பக்கமும் பெட்டி ஏற்றி, ஒன்பது மணிக்குள் நாற்பத்திரண்டு கடைக்கு ரொட்டி போட்டாக வேண்டும். அவனுடையது சங்கிலி இல்லாத மோட்டார் சைக்கிள். என்ஜினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பின்னால் போய், சக்கரத்தோடு ஒட்டிய கியர் பெட்டியைச் சுற்றும். இரண்டு நாளாக அந்தப் பெட்டி எண்ணெய் கக்கி டயரை நனைத்தது. கிளட்சை விட்டால் பின்னால் 'டங்' என்று ஓர் அடி. பேக்கரி முதலாளி ஒரே நாள்தான் தவணை கொடுத்தார். "நாளைக்கு வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன். ரொட்டி யாருக்கும் காத்திருக்காது."

கொழுந்தியாள் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். அன்று அவளுக்கு விடுமுறை. ஸ்பேனர் பையோடு வந்து, வீட்டு முன்னறையிலேயே பழைய சாக்கை விரித்து வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

"மாமா, சொல்லிட்டுச் செய்யறேன், பயந்துடாதீங்க. இந்தப் பெட்டியோட பல்லும் சக்கரத்தோட பல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்குது. டயர் கழட்டுறவங்க அங்க கிரீஸ் வைக்க மாட்டாங்க. காய்ஞ்சு காய்ஞ்சு பல்லு கத்தியாட்டம் ஆயிடும். 'டங்'குன்னு கேட்டா முக்காவாசி அதுதான்."

"அப்படி இருந்தா?"

"பெட்டியும் சக்கரமும் மாத்தணும். பழைய சாமான் கடையிலேயே பதினெட்டாயிரம்."

"பதினெட்டாயிரமா! என்னையே எடைக்குப் போட்டாலும் அவ்வளவு தேறாதே."

"தொப்பையைத் தனியா போட்டா தேறும் மாமா."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு வேறொருவன் ரொட்டி கொண்டுபோவது கண்முன் தெரிந்தது.

எண்ணெயை வடித்தார்கள். கறுப்பாக வந்தது, ஆனால் இரும்புத் தூள் இல்லை. சக்கரத்தின் அச்சான ஆக்சிலை உருவிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தாள் கொழுந்தியாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாமா, இங்க பாருங்க."

ஒரு பல்லைத் துணியால் துடைத்திருந்தாள். முனை மழுங்காமல், புதுசுபோல் மின்னியது. மற்ற பல்லிலெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

"கசிஞ்ச எண்ணெய்ல கொஞ்சம் கரைஞ்சிருக்கு, அவ்வளவுதான். பழசைச் சுரண்டி எடுத்துட்டு, பிரஷ்ஷால இடுக்கு இடுக்கா வெச்சிருக்காங்க. இந்தக் கிரீஸை எங்க முதலாளி பூட்டி வெச்சிருப்பாரு. சக்கரத்தைக் கடைசியா யாரு கழட்டினது?"

ஆறு வருடமாக அந்தச் சக்கரத்தை ஒரே ஆள்தான் கழற்றுகிறார். இவன் பெஞ்சில் உட்கார்ந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை எடுக்கும்போது, முதுகைக் காட்டிக் குந்தியபடி கந்தைத் துணியும் பிரஷ்ஷுமாக எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார். பொழுதைப் போக்குகிறார் என்று நினைத்திருந்தான்.

எண்ணெய் கக்கியது, பெட்டியில் அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்ததால். 'டங்' போட்டது, சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் துண்டுகள் நொறுங்கியதால். ஒரு நாள் கூலிக்குள் இரண்டும் வந்துவிட்டன. கூடவே அதே கிரீஸ் ஒரு டப்பா வாங்கினான். உள்ளங்கையில் அடங்கும் டப்பா, நானூற்று இருபது ரூபாய். கடைக்காரரிடம் விலையை இரண்டு தரம் கேட்டான்.

பெட்டியைக் கழற்றி, புது சீலை மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்கினாள். பெட்டியைத் திரும்ப மாட்டும்போது, என்ஜினிலிருந்து வரும் தண்டின் நுனி தன் ஜோடியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேடிப் போய்ச் சேர வேண்டும். அவன் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க, அவள் பல்லை மெல்லத் திருப்பினாள். மூன்றாம் முறை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சந்தோஷத்தில் அவன் பெட்டியின் நாலு நட்டையும் மூச்சைப் பிடித்து இறுக்கினான். சக்கரப் பல்லுக்குக் கிரீஸ் பூசி மாட்டி ஆக்சிலைச் செருகினால், முக்கால் வழியில் முட்டிக்கொண்டது. சுத்தியலை எடுத்தான்.

"ஐயோ, கீழ வைங்க! குளிக்கிறதுக்கு முன்னாடியே தலை துவட்டுவீங்களா? நட்டைத் தளத்துங்க. ஆக்சில் மொதல்ல போகட்டும், பெட்டி தானா நேரா உக்காரும். அப்புறம் இறுக்கலாம்."

தளர்த்தினான். ஆக்சில் ஒரு விரல் அழுத்தத்தில் போய் உட்கார்ந்தது. நட்டுகளை இறுக்கி, புது எண்ணெய் ஊற்றி, தெருவில் ஒரு சுற்று விட்டான். கிளட்சை விட்டபோது 'டங்' இல்லை.

அப்படியே பஞ்சர் கடைக்குப் போனான். அவனைக் கண்டதும் ஆமை இழுப்பறையைத் திறந்தார்.

"தம்பி, முந்நூறு தேறிச்சு. இப்போதைக்கு இதை..."

"அது இருக்கட்டும். என் பின்சக்கரப் பல்லுக்குக் கிரீஸ் வெச்சது நீங்கதானே?"

ஆமை கலங்கிப்போனார். "ஏன்ப்பா, ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலைண்ணே. அதான் வந்தேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ எங்க சொல்ல விட்டே? ரொட்டி ஆறிடும், ரொட்டி ஆறிடும்னு பறப்பே."

"அந்த டப்பா நானூத்தி இருபதுண்ணே. எங்கிட்ட எண்பது ரூபாய் வாங்கிட்டு..."

"சக்கரத்தைக் கழட்டிட்டு அப்படியே மாட்டினா எனக்குச் சோறு இறங்காது. அது என் கோளாறு. உங்கிட்ட எதுக்குக் காசு கேக்கணும்?"

காலையில் பார்த்தவர்களில் பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும் அங்கே இருந்தார். அவர் காதில் விழும்படியே ரொட்டிக்காரன் சொன்னான்: "காலையில இங்க நின்னு கத்தினேன். தப்பு. மன்னிச்சுக்குங்க. இனி நீங்க எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை."

"அது எப்படி? கடன்னா கடன்தான். பிச்சை போடுறியா?"

"பிச்சையா? உங்க கை படாம இருந்திருந்தா இன்னைக்கு எனக்குப் பதினெட்டாயிரம் போயிருக்கும், நாளைக்கு வேலையும் போயிருக்கும். நான்தாண்ணே பாக்கி."

ஆமை யோசித்தார். அவர் யோசிப்பதும் பஞ்சர் ஒட்டுகிற வேகம்தான். தையல்காரர் பொறுமையிழந்து, "அட, சரின்னு சொல்லுங்களேன்" என்றார்.

"சரி தம்பி, நீ விட்டா விட்டதுதான். கைமுடையாச்சேன்னு நாளைக்கு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேண்ணே."

ஆமை முந்நூறையும் இழுப்பறையில் போட்டு, மெதுவாகத் தள்ளி மூடினார்.