முதல் வாரத்து ரத்தம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் அவள் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஈர விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கி உதறி, மூலை மடங்காமல் இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு ஷிஃப்டில் எழுநூறு விரிப்பு. கூட இருந்தவர்கள் அவளை 'மெஷின்' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த மெஷினுக்கு ஒருநாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. கம்பெனி டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்து மறுபடி உருளைக்கே அனுப்பினார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்.

"வீக்கம் இருந்தா ரத்தத்துல காட்டும்மா. உன் ரத்தம் சுத்தமா இருக்கு. வலி தோள்ல இல்ல, மனசுல."

கோப்பில் 'நடிப்பு' என்று எழுதினார். அடுத்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"விட்டுத் தள்ளு, வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றான் புருஷன்.

"வேலை போனா போகட்டும். நான் நடிக்கிறேன்னு எழுதினான் பாருங்க, அந்த ஆளை நான் சும்மா விடறதா இல்ல."

அவளுடைய அண்ணி வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குத்தான் கம்பெனி ரத்தக் குழாய்கள் வரும். முதல் தடவை எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்று அண்ணியிடம் கேட்டாள்.

"உன் ரத்தம், உன் ரிப்போர்ட். எழுதிக் கொடு, முறைப்படி தர்றேன்."

தாள் கைக்கு வந்தது. வலி வந்த முதல் வாரத்தில், உடம்பில் வீக்கம் இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. அளவு பதினாலு. ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

"ரொம்பத் துள்ளாதே," என்றாள் அண்ணி. "சளி பிடிச்சாலும் இது ஏறும். சில பேருக்கு ஆரம்பத்துல ஏறி, அப்புறம் வலி இருக்கும்போதே இறங்கிடும். இதை மட்டும் வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது."

"எனக்கு இது போதும், அண்ணி."

அவள் கொடுத்த புகாரின் பேரில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. தாளை அவள் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். டாக்டர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு பணிவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு எத்தனை தடவை ரத்தம் எடுத்தீங்க, டாக்டர்?"

"ஒரே தடவை. அதுதான் கோப்புல இருக்கே."

அதை எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் சொன்னாள். அவர் பேனா நின்றதும் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கீழே, அந்த முதல் ரிப்போர்ட்டைப் பெற்றுக்கொண்டதற்கு டாக்டரின் கையெழுத்து. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"அது... சளிக்குக்கூட ஏறும்," என்றார் டாக்டர்.

"ஏறும். ஆனா சளின்னா எதுக்கு ஒளிச்சீங்க?"

'நடிப்பு' அடிக்கப்பட்டது. கை தூக்கத் தேவையில்லாத இடத்தில் அவளுக்கு வேலை தரச்சொல்லி உத்தரவானது. வெளியே படிக்கட்டில் டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"மேல எங்கயும் எழுதிடாதேம்மா. கம்பெனிக்காரங்க சொன்னாங்க, செஞ்சேன். என் லைசென்ஸே போயிடும். எனக்கும் குடும்பம் இருக்கு."

நேற்றுவரை 'நடிப்பு' என்ற வாயில் இன்று 'குடும்பம்' வந்தது. அவளுக்கு இரக்கம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"எழுதத்தான் போறேன் டாக்டர். நீங்க தூங்காம கிடக்கணும். நான் கிடந்தேன்ல."

மருத்துவக் கவுன்சிலுக்கு அன்றே எழுதினாள். வலது கை ஒத்துழைக்காமல் ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் பிடித்தது. புருஷன் எழுதித் தருகிறேன் என்றபோதும் பேனாவைக் கொடுக்கவில்லை.

மறுநாள் சலவைக்கூட வாசலுக்குப் போய், தோள்வலி என்று டாக்டரிடம் போன ஏழு பெண்களைத் தேடிப் பிடித்தாள். பரிசோதனைக்கூடத்தில் முதல் ரிப்போர்ட்டை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஒவ்வொருத்தியிடமும் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள்.